கொல்லன் மகன் மைக்கேல் பாரடே

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை செல்லும் சுமார் 18 மைல் நீளமுள்ள பாதையில் 1931-ஆம் வருஷம் மே மாதத்தில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கிற்று. அதற்கு நூறு வருஷத்துக்குச் சில மாதங்களே குறைய, 1831-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதியன்று, லண்டன் மாநகரில் ஒரு கட்டிடத்தின் கீழறையில் ஒரு காந்த ஊசி சற்றே அசைந்து மீண்டும் நின்றது. அந்த அசைவு இல்லையேல் இந்த ஓட்டமும் இல்லை. மாம்பலத்திலும் கிண்டியிலும் பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் நாள்தோறும் ரெயிலேறி இறங்கும் பல்லாயிரம் ஜனங்களில், அவ்வூசியை அசைத்தவரின் பெயரைப் பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் ஒருமுறை படித்து மறந்தவர்களே பெரும்பாலார். மறக்கத்தக்க சரித்திரமன்று அவருடையது.

மைக்கேல் பாரடே 1791-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி, லண்டனுக்குத் தெற்கேயுள்ள நியூவிங்டன் என்னுமிடத்தில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ், குதிரைக்கு லாடம் அடிக்கும் கொல்லர், வடநாட்டிலிருந்து பிழைப்பைத் தேடி வந்தவர், நோயாளி. 1801-ஆம் வருஷத்தில் தானிய விலை ஏறியபோது குடும்பம் தருமத்தை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தது. பத்து வயதுச் சிறுவனாகிய மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கென்று கொடுக்கப்பட்டது ஒரே ஒரு ரொட்டி. எழுதவும் வாசிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு படிப்பு நின்றது. 1804-ல் ரீபோ என்ற புஸ்தக வியாபாரியிடம் ஏவலாளாகச் சேர்ந்து, அடுத்த வருஷம் அவரிடமே பைண்டு வேலை கற்க ஏழு வருஷ உடன்படிக்கையில் அமர்ந்தார்.

தைக்க வந்த புஸ்தகங்களை இவர் தைத்ததோடு நிற்கவில்லை, படித்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், மார்ஸெட் அம்மையார் எழுதிய ரசாயன சம்பாஷணை நூலும் இவரது மனத்தைக் கவர்ந்தன. கிடைத்த சில்லறைக் காசில் சிறு கருவிகள் செய்து, படித்ததை மெய்யா பொய்யா என்று பார்த்தார். ஒரு பிரசங்கத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வாங்கிய டேட்டம் என்பவரின் விஞ்ஞான வகுப்புக்கு, கொல்லுத் தொழில் செய்த தமையனார் ராபர்ட் பணம் கொடுத்தனுப்பினார். கூலிக்காரத் தமையன் கொடுத்த அந்த ஷில்லிங்குகளைப் போல் வட்டியோடு உலகத்துக்குத் திரும்பி வந்த மூலதனம் வேறெதுவும் உண்டோ என்று நமக்குத் தோன்றுகிறது.

1812-ல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற விஞ்ஞான சபையில் ஸர் ஹம்பிரி டேவி செய்த நான்கு பிரசங்கங்களைக் கேட்க, கடைக்கு வந்த ஒரு கனவான் டிக்கட்டு அளித்தார். பாரடே கேட்டதையெல்லாம் எழுதிப் படங்களும் வரைந்து, சுமார் 300 பக்கம் கொண்ட புஸ்தகமாகத் தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி, வாரத்துக்கு 25 ஷில்லிங் சம்பளமும் மாடியில் இரண்டு அறைகளும் பெற்று அங்கே உதவியாளராக அமர்ந்தார். அவ்வருஷமே டேவி தம்பதிகளுடன் ஐரோப்பா யாத்திரை சென்றார். விஞ்ஞான உதவியாளராகச் சென்றவர் வழியில் எஜமானரின் துணிமணிகளைக் கவனிக்கும் வேலைக்காரராகவும் ஆக நேர்ந்தது. டேவியின் மனைவியார் இவரை வேலைக்காரர்களோடு வைத்தே நடத்தினார். பாரடே மனம் நொந்தார். ஆயினும் வேலையை விடவில்லை. ஆம்பியர், வோல்டா முதலிய பெரியோர்களைக் கண்டு, 1815-ல் திரும்பினார்.

பாரடேயின் ஆராய்ச்சிகளில் நமது தேசத்தைத் தொட்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1818 முதல் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு கூடி, தென்னிந்தியக் கொல்லர்கள் மூசையில் இட்டு உருக்கிய எஃகை அவர் ஆராய்ந்தார். ஐரோப்பியர் அதை ஊட்ஸ் என்றனர். கன்னடத்தின் உக்கு என்ற சொல்லின் திரிபு அது என்பர். நமது உருக்கு என்பதும் அதற்கு உறவு என்பாருண்டு. 1819-ல் இதைப் பற்றிப் பாரடே ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வெஃகின் சிறப்புக்கு அவர் கூறிய காரணம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. ஆனால் லண்டனிலுள்ள கொல்லனின் மகன், சேலத்துக் கொல்லன் போன்றோரின் கைத்திறனுக்கு எதிரே மாணாக்கனாக உட்கார்ந்தான் என்பது மட்டும் பொய்யாகாது.

1821-ல் காந்தத்தைச் சுற்றி மின்சாரக் கம்பியைச் சுழலச் செய்து காட்டினார். மோட்டார் என்னும் யந்திரத்தின் முதற்குழந்தை அதுவே. ஆயினும் அவரது உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. மின்சாரத்தினால் காந்த சக்தி உண்டாகிறதெனின், காந்தத்தினால் மின்சாரம் ஏன் உண்டாகலாகாது? பலர் இதனைத் தேடித் தோற்றனர். ஜெனீவாவைச் சேர்ந்த கொலாடன் என்ற அறிஞர் 1825-ல் கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்திப் பார்த்தார். காந்தம் ஊசியை நேரே பாதித்துவிடக் கூடாதென்று அளவு கருவியை வேறோர் அறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் செலுத்திவிட்டு அவ்வறைக்கு நடந்து போய்ப் பார்ப்பதற்குள் ஊசி ஆடி அடங்கிவிட்டது. பெரும்புகழ் அவர் கைவிட்டுப் போயிற்று.

பாரடே ஆறு அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம் ஒன்றைச் செய்வித்து, அதன் ஒரு பாதியில் ஒரு செப்புக்கம்பிச் சுருளும் மறு பாதியில் மற்றொன்றும் சுற்றினார். இக்காலத்தைப் போல் மேலுறையிட்ட கம்பி அன்று கிடையாது. சுற்றுக்குச் சுற்று நூற்கயிறும், அடுக்குக்கு அடுக்குக் காலிகோத் துணியும் இட்டார். கள்ளிக்கோட்டையின் பெயரைத் தாங்கிய அத்துணி அக்காலத்தில் லங்காஷயர் ஆலைகளில் நெய்யப்பட்டு, பெயர் பிறந்த நாட்டுக்கே விற்பனைக்கு வந்துகொண்டிருந்தது என்பது நேயர்கள் அறிந்த கதை. இரண்டாவது சுருளின் கம்பியை மூன்றடி தூரத்தில் ஒரு காந்த ஊசியின்மேல் கொண்டு சென்றார். முதற்சுருளைப் பாட்டரியில் இணைத்தவுடன் ஊசி ஆடிற்று. பின்பு தன் நிலைக்கே திரும்பிற்று. பாட்டரி இணைந்தே இருந்தது, ஊசி அசையவில்லை. இணைப்பை எடுத்தவுடன் எதிர்ப்பக்கமாக மீண்டும் ஆடிற்று.

இடைவிடாத மின்சாரத்தை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது, போடும்போது ஒரு துடிப்பு, எடுக்கும்போது ஒரு துடிப்பு, அவ்வளவே. வேறொருவராயின் ஏமாந்து விட்டிருப்பர். மாறுதலே பிறப்பிக்கிறது, நிலைத்திருப்பது ஒன்றையும் பிறப்பிப்பதில்லை என்று பாரடே கண்டுகொண்டார். அக்டோபர் மாதத்தில் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும், பெருங்காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தகட்டைச் சுழற்றியும் மின்சாரத்தைப் பெற்றார். இன்று தாம்பரம் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு மேற்கம்பியிலிருந்து வரும் 25,000 வோல்ட் மின்சாரத்தை வண்டிக்குள் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர், அந்த வளையத்தின் நேர்ப் பேரன். 1931-ல் இப்பாதையில் ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம்; 1960-களில்தான் அது மாற்றப்பட்டது.

1834-ல் வில்லியம் ஜென்கின் என்ற இளைஞர் ஓர் அதிசயத்தைப் பாரடேயிடம் சொன்னார். சிறிய பாட்டரியோடு சேர்ந்த மின்காந்தத்தின் கம்பி முனைகளைக் கைகளில் பிடித்துக்கொண்டு இணைப்பை எடுத்தால், உடல் அதிரும்படியான அதிர்ச்சி தாக்குகிறது. அப்பாட்டரியை மட்டும் தொட்டால் ஒன்றும் தெரிவதில்லை. பாரடே ஆராய்ந்தார். நேராக நீட்டிய கம்பியில் இணைப்பை எடுத்தால் பொறி சிறிது. அதே கம்பியைச் சுருட்டினால் பொறி பெரிது. நடுவே இரும்பை வைத்தால் மிகப் பெரிது. சுருளில் ஓடும் மின்சாரம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை எழுப்பி வைத்திருக்கிறது. ஓட்டத்தை நிறுத்த முயன்றால் அப்புலம் சரிந்து, அதே சுருளில் ஓட்டத்தைத் தொடரச் செய்யும் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. அமெரிக்காவில் ஆல்பனி நகரத்துப் பள்ளி ஆசிரியராயிருந்த ஜோஸப் ஹென்றி இதை 1832-லேயே வெளியிட்டிருந்தார். அவரும் ஏழைக் கூலிக்காரரின் மகனே.

ஓடும் பாரவண்டியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். காளைகள் இழுத்தவுடன் வண்டி விரைந்துவிடுவதில்லை; மெல்லவே வேகங்கொள்கிறது. நிறுத்தினாலும் உடனே நிற்பதில்லை. சுவரில் மோதினால் சுவர் இடிகிறது. சுருளும் அப்படியே. ஸ்விச்சைப் போட்ட கணத்தில் அதில் மின்சாரம் ஓடுவதில்லை. மின்னழுத்தம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. பிறகே ஓட்டம் படிப்படியாக ஏறுகிறது. ஸ்விச்சை எடுத்தாலோ, ஓட்டத்தை விடமாட்டேனென்று அழுத்தத்தை நூறு மடங்கு ஆயிரம் மடங்கு உயர்த்திக் காற்றையும் பிளந்துகொண்டு பொறியாகப் பாய்கிறது. வீட்டு மின்விசிறியை நிறுத்தும்போது ஸ்விச்சுக்குள் நீலப்பொறி தோன்றுவது இதனாலே. பழைய டியூப் விளக்குகளில் சோக் என்ற சுருளை வைத்து, ஸ்டார்ட்டர் இணைப்பை அறுக்கும் கணத்தில் எழும் அழுத்தத்தைக் கொண்டே விளக்கை ஏற்றினர். நேர்மின்சார ரெயில்களில் மோட்டார்ச் சுற்றை அறுக்கும் இடத்தில் எழும் தீச்சுடரை, காந்தத்தால் ஊதித் தள்ளி அணைக்கும்படி தனிப் பெட்டிகளே அமைக்க வேண்டியிருந்தது.

இனி மின்தேக்கி. எலெக்ட்ரிக் கடைகளில் கண்டென்சர் என்று வழங்குவது இதுவே. இரண்டு உலோகத் தகடுகள், நடுவே மின்சாரம் கடவாத ஒரு பொருள். இவ்வளவுதான் அதன் உருவம். லைடன் ஜாடி என்ற பெயரில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. நடுவிலுள்ள பொருள் வெறுந் தடுப்பே என்று கற்றோர் எண்ணியிருந்தனர். பாரடே 1837-ல் ஒன்றனுள் ஒன்றாக வைத்த பித்தளைக் கோளங்கள் இரண்டு செட்டுச் செய்து, ஒன்றின் இடைவெளியில் காற்றும் மற்றொன்றில் அரக்கு, கந்தகம், கண்ணாடி முதலியனவும் இட்டு ஒப்பிட்டார். காற்று நிறைந்ததைவிட அரக்கு நிறைந்தது அதிக மின்சாரத்தை ஏற்றது. தடுப்பாகக் கருதப்பட்ட பொருளும் காரியத்தில் பங்கு கொள்கிறது! அந்த அரக்கு நம் தேசத்துக் காடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றுகொண்டிருந்த சரக்கு.

மின்தேக்கியின் குணம் சுருளின் குணத்துக்கு நேர் எதிரிடை. சிட்லபாக்கம் ஏரியோ பீர்க்கங்கரணை ஏரியோ வறண்டு கிடக்கும்போது வாய்க்காலைத் திறந்துவிட்டால் நீர் முதலில் வேகமாகப் பாய்கிறது. உள்ளே மட்டம் ஏற ஏற வேகம் குறைகிறது. மட்டம் சமமானால் ஓட்டம் நின்றுவிடுகிறது. மின்தேக்கியும் ஸ்விச்சைப் போட்ட கணத்தில் மின்சாரத்தை அப்படியே விழுங்குகிறது. அப்போது அதில் அழுத்தம் இல்லை. நிரம்பிய பின் ஓட்டம் இல்லை, அழுத்தமே நிற்கிறது. நிரம்பும் காலம், வழியிலுள்ள தடையையும் தேக்கியின் கொள்ளளவையும் பெருக்கி வருவது. 1,000 ஓம் தடையின் வழியே 1,000 மைக்ரோ பாரட் தேக்கியை நிரப்பினால், ஒரு வினாடியில் 100-க்கு 63 பங்கும், ஐந்து வினாடியில் 99 பங்குக்கு மேலும் நிரம்பும். ஸ்விச்சை எடுத்தபின் ஏரி நீர் போல அது அப்படியே தேங்கி நிற்கும். மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று நம்பி அதைத் தொட்டவன் வீழ்ந்துபோகிறான்.

பாரடே இதனைப் பெரும் அளவில் கண்டது 1854-ல். கடலடியில் தந்தி போடுவதற்காக, மலாய்க் காட்டு மரத்தின் பாலாகிய கட்டாபர்ச்சா பூசிய செப்புக்கம்பி 100 மைல் நீளம் தண்ணீரில் மூழ்க வைக்கப்பட்டிருந்தது. பாட்டரியை இணைத்து எடுத்துவிட்ட பின் கம்பியைத் தொட்டவர்களை அது உலுக்கிற்று. அதே கம்பி காற்றில் இருந்தபோது அவ்விதம் செய்யவில்லை. உள்ளே செம்பு, வெளியே தண்ணீர், நடுவே கட்டாபர்ச்சா. கம்பி முழுவதுமே நூறு மைல் நீளமுள்ள ஒரு லைடன் ஜாடி என்று பாரடே விளக்கினார். ஆகவே ஒவ்வொரு தந்திக் குறியும் முதலில் இந்த ஜாடியை நிரப்பியாக வேண்டும். குறி தாமதித்துக் கலங்கிச் சேரும். இதைச் செவியில் ஏற்காதவர்கள் 1858-ல் அட்லாண்டிக் கடலடிக் கம்பியில், பெருஞ்சுருள்களைக் கொண்டு மிகுந்த அழுத்தத்தைச் செலுத்திச் சில வாரங்களில் அதைப் பாழாக்கினர். வில்லியம் தாம்ஸன் முதலியோர் கணக்கிட்டு வழி கண்ட பிறகே, 1870-71-ல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடிக் கம்பி போடுவது சாத்தியமாயிற்று.

சுருளும் தேக்கியும் எதிரிகள் போல் காணப்படினும் ஒன்றையொன்று காக்கவும் வல்லவை. பெருங்களத்தூரில் ஒரு காலத்தில் நடந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையின் ஹெரால்டு காரைத் திறந்து பார்த்தவர்கள் இதை அறிவர். பாயின்ட் என்னும் சிறு ஸ்விச்சு திறந்தவுடன் 12 வோல்ட் பாட்டரியின் ஓட்டம் அறுந்து, காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. பாயின்ட்டுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சர் இல்லாவிடில் பொறி பாயின்ட்டிலேயே பாய்ந்து அதைக் கரியாக்கிவிடும். பிளக்கில் பொறி மங்கும். கண்டென்சர் அந்த முதல் வேகத்தைத் தான் விழுங்கிக்கொள்கிறது. வண்டி நின்றுவிட்டால் முதலில் கண்டென்சரை மாற்றிப் பார்த்த மெக்கானிக்குகள் பாரடேயைப் படித்தவர்கள் அல்லர்; ஆனால் பாரடேயைப் போலவே கையால் அறிந்தவர்கள்.

தாம்பரம் பாதையில் மேற்கம்பி வேலை செய்வோருக்கு இது உயிர்ப் பிரச்னை. ஒரு பாதையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும், பக்கத்துப் பாதையின் கம்பியில் 25,000 வோல்ட் இருக்குமாயின், இரண்டு கம்பிகளும் நடுவிலுள்ள காற்றும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகி, நிறுத்தப்பட்ட கம்பியிலும் ஆபத்தான அழுத்தம் எழும். ஆதலால் வேலை செய்யுமிடத்துக்கு இருபுறத்திலும் கோல்களால் கம்பியைப் பூமியோடு இணைத்த பிறகே தொழிலாளி அதைத் தொட வேண்டும். ஸ்விச்சை எடுத்தாயிற்று என்ற சொல்லை மட்டும் நம்பி மேலே ஏறுவது மரணத்தை நம்பி ஏறுவதாகும்.

பாரடேயின் பிற்கால வாழ்வில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. 1835-ல் அவருக்கு அரசாங்க உபகாரச் சம்பளம் அளிக்கும் பேச்சு நடந்தபோது, பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபு அவ்வழக்கத்தையே இகழ்ந்து பேசினார். பாரடே எழுந்து வந்துவிட்டார். வேண்டாமென்று எழுதியும் அனுப்பினார். பிரபு எழுத்து மூலமாக வருத்தம் தெரிவித்த பின்னரே, வருஷத்துக்கு 300 பவுன் கொண்ட அச்சம்பளத்தை ஏற்றார். ஸர் பட்டத்தையும், ராயல் ஸொஸைட்டியின் அக்ராசனப் பதவியையும் ஏற்க மறுத்தார். மற்றொன்று: கணித சாஸ்திரம் அவருக்கு வராது. தமது எண்ணங்களைக் காந்த ரேகைகளாகவும் படங்களாகவுமே கண்டார். கற்றறிந்த கணிதிகள் பலர் அதைச் சிறுபிள்ளைத்தனமாகக் கருதியிருக்க, ஸ்காட்லாந்து இளைஞர் மாக்ஸ்வெல் அப்படங்களுக்குள்ளேயே உயர்ந்த கணிதம் இருப்பதைக் கண்டு சூத்திரங்களாக்கினார். ரேடியோவும் அதன் வழிவந்ததே.

ஓயாத உழைப்பினால் 1840-ஐ ஒட்டி அவருக்கு உடல் தளர்ந்து, ஞாபக சக்தியும் குறையலாயிற்று. அந்நிலையிலும் 1845-ல் காந்தம் ஒளியைத் திருப்பும் என்று காட்டினார். கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றிப் பிரசங்கித்தார். 1867-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி, ஹாம்ப்டன் கோர்ட்டில் தமது இல்லத்தில் காலமானார். அரசர்களும் பிரபுக்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் வைக்கப்படவில்லை. ஹைகேட் மயானத்தில் எளிய கல் ஒன்றின் கீழ் இருக்கிறது.

1881-ல் பாரிஸ் நகரில் கூடிய மின்சார மகாசபை மின்தேக்கியின் அளவுக்குப் பாரட் என்று பெயரிட்டது. 1893-ல் சிக்காகோ மகாசபை சுருளின் அளவுக்கு ஹென்றி என்று பெயரிட்டது. பாரட் என்பது நடைமுறைக்கு மிகப் பெரிய அளவு. வீட்டுக் கூடத்தில் சுழலும் மின்விசிறிக்குள் இருக்கும் கண்டென்சரின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தால், பெரும்பாலும் 2.5 மைக்ரோ பாரட் என்றிருக்கும்; அதாவது ஒரு பாரட்டைப் பத்து லக்ஷமாகப் பங்கிட்டு அதில் இரண்டரைப் பங்கு.